வாக்கர்டன்: பேதி நின்ற பிறகும் வயிறு ஆறாத ஊர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோவுக்கு வடமேற்கே, சாகீன் ஆற்றை ஒட்டி இருக்கிறது வாக்கர்டன். 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 4,800 பேர் வாழ்ந்த சின்ன ஊர், சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். அந்த ஆண்டு மே மாதம் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து ஊராரும் வந்துபோனவர்களுமாகச் சுமார் 2,300 பேருக்கு வயிறு போனது. 65 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், 27 பேருக்குப் பாதிப்பு சிறுநீரகம் வரை போனது, ஏழு பேர் இறந்தார்கள். குடிநீர் நிர்வாகம் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த ஊரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. பேதி நின்று, தண்ணீர் சுத்தமாகி, ஊர் அடங்கிய பிறகும் நூற்றுக்கணக்கானவர்களின் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

குடலுக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று யார் வேண்டுமானாலும் பேசுகிறார்கள். தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும் என்று வீடியோ போடுகிறவர் ஒரு பக்கம், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல் என்றதும் "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவைக்கிறவர் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்குமே வாக்கர்டனில் பதில் இருக்கிறது. சோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிற்று வலியும் பேதியோ மலச்சிக்கலோ மாதக்கணக்கில் தொடரும் கோளாறுக்கு இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ்., என்று பெயர். வழக்கமாக அது இருக்கிற ஒருவர் டாக்டரிடம் வரும்போது வயிற்று வலியும் மனப்பதற்றமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் பல வருடப் பழசு. எது முதலில் வந்தது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வாக்கர்டனில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே தொடக்கத்துக்குத் தேதி இருக்கிறது, கிருமிக்குப் பெயர் இருக்கிறது, அதே ஊரில் அதே வாரத்தில் நோய் வராமல் தப்பித்தவர்களும் இருக்கிறார்கள்.

மே 2000

மே 8 முதல் 12 வரை விடாத மழை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளில் 5-ஆம் எண் கிணறு 1978-ல் போட்டது, ஆழம் குறைவு, பக்கத்திலேயே ஒரு பண்ணை. அந்தப் பண்ணையில் ஏப்ரலில் வயலுக்கு எரு போட்டிருந்தார்கள். முறைப்படிதான் போட்டார்கள், பண்ணைக்காரர் மேல் தவறில்லை என்று பின்னால் விசாரணை ஆணையமே சொன்னது. மழைநீர் எருவைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியாகக் கிணற்று நீரில் கலந்தது. அதோடு வந்தவை இரண்டு பாக்டீரியாக்கள்: ஈ.கோலை ஓ157:எச்7, காம்பிலோபாக்டர் ஜெஜூனி. இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரியான அளவு குளோரின் கலந்திருந்தால் இரண்டுமே செத்திருக்கும். கலக்கவில்லை. குடிநீர் நிலைய ஊழியர்களுக்கு முறையான பயிற்சி கிடையாது. தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிச்சமிருக்கிறது என்று தினமும் அளந்து எழுத வேண்டிய தாளில், அளக்காமலே லிட்டருக்கு 0.5 அல்லது 0.75 மில்லிகிராம் என்று எழுதிவைப்பது அங்கே வருடக்கணக்கான பழக்கம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர்களே ருசியாக இருக்கிறது என்று குடித்துவந்தார்கள். ஆனால் மே 17 அன்று தண்ணீரில் ஈ.கோலை இருப்பதாக லேப் ரிப்போர்ட் வந்த பிறகும், ஊரில் குழந்தைகள் ரத்தபேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த பிறகும், சுகாதாரத் துறை போன் போட்டுக் கேட்டபோது நிலைய மேலாளர் தண்ணீர் நன்றாக இருப்பதாகவே சொன்னார். அதை மன்னிக்க முடியவில்லை. கடைசியில் சுகாதாரத் துறை தானாகவே மே 21 அன்று, தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள் என்று அறிவித்தது. அந்தத் தடை டிசம்பரில்தான் நீங்கியது.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தது. கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது என்றார் அவர். அரசு ஆய்வகங்கள் 1996-ல் இந்தப் பரிசோதனையைக் கைவிட்டு வேலை தனியாரிடம் போனதும், மோசமான ரிசல்ட்டைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லாததும் அந்த அறிக்கையில் இருக்கின்றன.

பேதிக்கு அப்புறம்

2002-ல் தொடங்கியது வாக்கர்டன் சுகாதார ஆய்வு. மாகாண அரசு பணம் கொடுத்தது, மருத்துவர்கள் ஊருக்கே வந்து ஆட்களைச் சோதித்தார்கள். குடல் சம்பந்தமான பகுதியை மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஷலும் ஸ்டீபன் காலின்ஸும் அவர்களுடைய குழுவும் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஐ.பி.எஸ். அல்லது வேறு குடல் நோய் இருந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். மீதி 2,069 பேர். 2006-ல் வெளியான முடிவு இது: அந்த மே மாதத்தில் வயிற்றுக்கு ஒன்றும் வராதவர்களில் 10.1 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது, வயிறு போனதாகத் தாங்களே சொன்னவர்களில் 27.5 சதவீதம், மருத்துவப் பதிவோடு உறுதியானவர்களில் 36.2 சதவீதம்.

இந்த மூன்றாவது எண்தான் எனக்கு முக்கியம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது, குறைந்தது தலைக்கு 2,000 டாலர். பணம் இருக்கிற இடத்தில் நோயைக் கூட்டிச் சொல்ல மாட்டார்களா என்று ஒருவர் கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் வாய்ச்சொல்லை விட, அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறிய கூட்டத்தில்தான் விகிதம் அதிகம். ரத்தபேதி போனவர்கள், வயிற்றுப்போக்கு அதிக நாள் நீடித்தவர்கள், வயிறு முறுக்கி வலித்தவர்கள் ஆகியோருக்கு ஐ.பி.எஸ். வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அடி எவ்வளவு பலமோ அவ்வளவு நாள் வலி. இதை மனசின் கற்பனை என்று தள்ளுவது கஷ்டம். தவிர, ஊரே பயத்தில் இருந்தது, குழாயைத் திறக்கவே நடுங்கியது. அந்தப் பயம் நோய் வந்தவருக்கும் உண்டு, வராதவருக்கும் உண்டு. வெறும் டென்ஷன்தான் காரணம் என்றால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி வந்திருக்காது. படுத்தவருக்குப் பயம் கூடுதலாக இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மூன்று மடங்குக்கு மேலான வித்தியாசத்தை அது ஒன்றே விளக்கிவிடாது.

குழந்தைகளைத் தனியாகப் பார்த்தார்கள். வயிறு போன குழந்தைகளில் 10.5 சதவீதம் பேருக்குப் பிற்பாடு ஐ.பி.எஸ்., மற்ற குழந்தைகளில் 2.5 சதவீதம்.

குடலுக்குள் என்ன மாறியிருந்தது? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் லாக்டுலோஸ், மானிடால் என்ற இரண்டு வகைச் சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் எது எவ்வளவு வருகிறது என்று அளந்தபோது, ஐ.பி.எஸ். இருந்தவர்களின் குடல்சுவரில் கசிவு கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஓட்டுக் கூரையில் இரண்டு ஓடு விலகினால் போதும், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் சொட்டும், அந்த மாதிரி. பிறகு 2010-ல் மரபணுக்களைப் பார்த்தார்கள். மூன்று மரபணுக்களில் சில வடிவங்கள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. ஒன்று பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை அடையாளம் காணும் டி.எல்.ஆர்.9. ஒன்று குடல்சுவரின் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் புரதத்துக்கான சி.டி.எச்.1. மூன்றாவது அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.6. பாக்டீரியாவை உணர்வது, சுவரைக் காப்பது, வீக்கத்தைக் கிளப்புவது என்று மூன்றுமே இந்த நோயில் எங்கே கோளாறு இருக்கும் என்று சந்தேகப்பட்டார்களோ அங்கேயே வந்து நிற்கின்றன.

எட்டு வருடம் கழித்து மறுபடியும் போனார்கள். நோய் வந்தவர்களில் ஐ.பி.எஸ். இருந்தவர்களின் அளவு 28.3 சதவீதத்திலிருந்து 15.4-க்கு இறங்கியிருந்தது. நல்ல செய்திதான், பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். ஆனால் நோய் வராதவர்களில் அப்போது வெறும் 5.4 சதவீதம். ஒரு பேதி, எட்டு வருடம்.

மனசு எங்கே வருகிறது

இதுவரை படித்துவிட்டு, பார்த்தீர்களா கிருமிதான் காரணம், மனசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எட்டு வருடக் கணக்கில் யாருக்கு நோய் விடாமல் ஒட்டிக்கொண்டது என்று பார்த்தபோது பெண்கள், வயது குறைந்தவர்கள், நோயின்போது காய்ச்சல் அடித்தவர்கள், அப்போது எடை இழந்தவர்கள் என்ற பட்டியலில் இன்னொன்றும் வந்தது: முன்பே மனப்பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இதற்கு முன்பே, 1990-களில், குவீ என்ற ஆய்வாளரின் குழு ஒரு நல்ல வேலை செய்திருந்தது. வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களிடம் அப்போதே மனநிலை பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டு, சில மாதம் கழித்து யாருக்கு ஐ.பி.எஸ். வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். வந்தவர்களில் பதற்றமும் சோர்வும் ஆரம்பத்திலேயே அதிகம். அது மட்டும் என்றால் "டென்ஷன்" கட்சி ஜெயித்துவிடும். ஆனால் மலக்குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அழற்சி செல்கள் எல்லாருக்கும் நோயின்போது ஏறி, தேறியவர்களுக்கு இறங்கி, ஐ.பி.எஸ். வந்தவர்களுக்கு மட்டும் மூன்று மாதம் கழித்தும் இறங்காமல் இருந்தன. மனசில் பாரம் இருந்தவர்களுக்குக் குடலின் வீக்கம் ஆறவில்லை. மனசா உடம்பா என்று பிரித்துக் கேட்பதே தப்பு என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவில் ஒரு குழு பொதுமக்களைப் பன்னிரண்டு வருடம் பின்தொடர்ந்தது. ஆரம்பத்தில் பதற்றம் இருந்து வயிறு நன்றாக இருந்தவர்களுக்குப் பிற்பாடு வயிற்றுக் கோளாறு வருவது அதிகமாக இருந்தது, ஆரம்பத்தில் வயிற்றுக் கோளாறு மட்டும் இருந்து மனசு நன்றாக இருந்தவர்களுக்குப் பிற்பாடு பதற்றமும் சோர்வும் அதிகமாக இருந்தன. பாதை இரண்டு பக்கமும் ஓடுகிறது. 2021-ல் ஐ.பி.எஸ். உள்ள 53,400 பேரின் மரபணுவை வைத்துச் செய்த ஆய்விலும், அதன் மரபணுத் தடங்கள் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் தடங்களோடுதான் பெரிதும் பொருந்தின.

எலியின் தயக்கம்

இப்போது காம்பிலோபாக்டருக்கு வருவோம். 1998-ல் மார்க் லைட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் எலிகளுக்கு இந்தக் கிருமியை மிகக் குறைந்த அளவில் வாய்வழியாகக் கொடுத்தார்கள். எலிக்கு நோய் வரவில்லை, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் எலி பயந்தது, திறந்த இடத்துக்கு வரத் தயங்கியது. குடலில் இருக்கிற ஒன்றை, உடம்பு காய்ச்சலாகக் காட்டுவதற்கு முன்பே மூளை தெரிந்துகொள்கிறது. அந்தச் செய்தி போகும் வழி வேகஸ் நரம்பு. அதில் பெரும்பாலான இழைகள் வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவைதான், மூளையிலிருந்து கீழே வருகிறவை குறைவு.

அடுத்த வேலை மறுபடியும் மெக்மாஸ்டரில். காலின்ஸ், பிரெமிசில் பெர்சிக் குழு, 2011. பால்ப்-சி என்ற எலி வகை பயந்த சுபாவம், என்.ஐ.எச். சுவிஸ் என்ற வகை துணிச்சலானது. ஒரு சின்ன மேடை மேல் எலியை விட்டு, அது கீழே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள், பயந்த எலி மேடையிலேயே நின்றுகொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்கு மற்ற வகையின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தபோது, பயந்த வகை துணிந்து இறங்கியது, துணிந்த வகை தயங்கியது. சாதாரண எலிகளுக்கு ஒரு வாரம் வாய்வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தபோதும் சுபாவம் மாறியது, மருந்தை நிறுத்தியதும் பழையபடி ஆனது. அதே மருந்தை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டபோதும், கிருமி இல்லாத எலிக்குக் கொடுத்தபோதும் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே மருந்து நேராக மூளையைத் தொடவில்லை, பாக்டீரியா வழியாகத்தான் தொட்டது.

2017-ல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. வயிற்றுப்போக்கு வகை ஐ.பி.எஸ். உள்ள மனிதர்களின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து, கிருமியில்லா எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் குடலில் உணவு வேகமாக ஓடியது, குடல்சுவர் கசிந்தது. பாக்டீரியா கொடுத்த நோயாளிக்குப் பதற்றமும் இருந்திருந்தால், அந்த எலி மட்டும் பதற்றமாக நடந்துகொண்டது. இதை முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வருடக்கணக்காக "நீயாகக் கற்பனை செய்துகொள்கிறாய்" என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டு நொந்துபோன மனிதர்கள் எத்தனை பேர்.

ஆனாலும் எலி எலிதான். மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு அதே குழு, அதே வருடம் ஒரு சோதனை செய்தது. ஐ.பி.எஸ்.ஸோடு லேசான அல்லது நடுத்தரப் பதற்றம், சோர்வு உள்ள 44 பேர். பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்.சி.சி.3001 என்ற குறிப்பிட்ட ரகம், பாதிப் பேருக்கு வெறும் பொடி, ஆறு வாரம். பாக்டீரியா சாப்பிட்ட 22 பேரில் 14 பேருக்குச் சோர்வு குறைந்தது, வெறும் பொடியில் 22-க்கு 7. மூளை ஸ்கேனில், பயம் தரும் படங்களைக் காட்டும்போது பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா துள்ளுவது குறைந்தது. ஆனால் பதற்றம் குறையவில்லை. 44 பேர் என்பது சின்னக் கூட்டம், ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நெஸ்லே. இதை வைத்துக் கடையில் விற்கிற ஏதோ ஒரு புரோபயாடிக் பாட்டிலை மனச்சோர்வுக்கு மருந்து என்று விற்பது ஏமாற்று. ஒரு ரகம் செய்ததை இன்னொரு ரகம் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில், உடம்பில் இருப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள், அது உண்மை, ஆனால் அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நுழையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேதிக்கு அப்புறம் சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு 2021-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விளக்கம் வந்தது. குடலில் தொற்று இருக்கும் சமயத்தில் எலி ஒரு புதுப் புரதத்தைச் சாப்பிட்டால், உடம்பு அதையும் எதிரிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. தொற்று போன பிறகும் அந்தப் புரதம் வந்தாலே குடலில் இருக்கும், அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் வெடித்து, வலி கிளம்புகிறது, குடலில் மட்டும், தோலில் தடிப்பெல்லாம் இல்லாமல். 12 ஐ.பி.எஸ். நோயாளிகளின் பெருங்குடல் சுவரில் பால், கோதுமை, சோயா போன்றவற்றைத் துளி அளவு செலுத்திப் பார்த்தபோது 12 பேருக்குமே ஏதாவது ஒன்றுக்கு வீங்கியது, ஆரோக்கியமானவர்கள் 8 பேரில் இரண்டே பேருக்கு. பால் குடித்தால் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்கிறவருக்கு வழக்கமான அலர்ஜி டெஸ்ட்டில் ஒன்றும் வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

நோயாளிக்கு

ஐ.பி.எஸ். இருப்பதாக டாக்டர் சொன்னால், இது எப்போது ஆரம்பித்தது என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஒரு யாத்திரை, ஒரு டைஃபாய்டு, ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ் என்று தொடக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர் கேட்க மாட்டார். தூக்கம், பதற்றம், அழுகை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். மனசைப் பற்றிச் சொன்னால் வயிற்றை நம்ப மாட்டார்கள் என்ற பயத்தில் பலர் மறைத்துவிடுகிறார்கள்.

டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், நெட்டில் தேடிப் பார்த்து "எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்" என்று கோபப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். பிரிட்டனில் சாதாரண கிளினிக்குகளில் 463 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2023-ல் வெளிவந்தது. 10 மில்லிகிராமில் ஆரம்பித்து அதிகபட்சம் 30 வரை, வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட இது மிகக் குறைவு, வேலை செய்வது குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் வலிச் செய்தியின் மேல். அதேபோல, குடலை மையமாக வைத்த மனப் பயிற்சிகளும் ஹிப்னோதெரபியும் பலருக்குப் பலன் தருகின்றன.

நம் ஊரில் மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து ஒரு தெருவே வயிற்றுப்போக்கில் விழுவது புதிதில்லை. முகாம் போடுகிறார்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுக்கிறார்கள், குளோரின் போடுகிறார்கள், இத்தனை பேர் டிஸ்சார்ஜ் என்று செய்தி வந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அதே தெருவில் கதவைத் தட்டி, உங்கள் வயிறு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் வேண்டும். வாக்கர்டனில் கேட்டார்கள், அதனால்தான் இவ்வளவும் தெரிந்தது.

கடைசியாக ஒன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாக ஆரம்பிக்கும் தொந்தரவு, இதில் எது இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நீங்களாக முடிவு கட்டாமல் குடல் மருத்துவரிடம் உடனே போங்கள்.